பந்து எங்கே விழுகிறது

காலையில் டென்னிஸ் மைதானத்தின் கம்பிவேலிக் கதவைத் திறந்து, நடுவர் நாற்காலிக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்து, என் வீட்டுக்காரரின் போனை அதோடு இணைத்து, பட்டனை அழுத்துவேன். என் வேலை அவ்வளவுதான். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். "எல்லாரும் வந்தாச்சா? தூக்கம் இன்னும் கண்ணுலயே நிக்குதே. சரி, சின்னக் குதி, ஆரம்பிங்க" என்று அவர் குரல் சொல்லும். சிமெண்டுத் தரையில் ஷூக்கள் ஒன்றாகத் தட்டும். அவர் இறந்து முக்கால் வருஷம் ஆகிறது.

எனக்கு டென்னிஸ் தெரியாது. வளர்ந்த மனுஷர்கள் வேலைவெட்டி இல்லாமல் ஒரு பந்தை விரட்டுகிறார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கல்யாணமான புதிதிலேயே அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள். பல் டாக்டரம்மா, தையல்கடைக்காரர், பேங்க் மேனேஜர், இன்னும் சிலர். வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஞாயிறு அன்று மட்டும் இருபது வயசு என்று நினைத்துக்கொண்டு ஓடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். "ஆடினா உடம்பு வரும்னு நினைக்கிறாங்க. உடம்பு இருந்தாத்தானே ஆட முடியும்" என்பார். அதனால் வாரநாள் வகுப்பில் ராக்கெட்டும் கிடையாது, பந்தும் கிடையாது. கயிறு தாண்டுவார்கள். சாக்பீஸால் தரையில் வரைந்த ஏணிக்குள் கால் மாற்றிக் குதிப்பார்கள். வேலியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பார்கள். கடைசியில் காற்றடி என்று ஒன்று. வெறுங்கையை வீசி இல்லாத பந்தை அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் கை தோளுக்கு மேல் நிற்க, வலைக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். "பந்து எங்க விழுதுன்னு பாருங்க" என்பார். பார்க்காதவர்களை விடமாட்டார். இல்லாத பந்தை எங்கே போய்ப் பார்ப்பது என்று தையல்கடைக்காரர் கேட்டாராம். "அடிச்சது நீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றாராம் இவர். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எண்ணிக்கையும் சொல்லிக்கொண்டு, முட்டி எங்கே போகிறது, முதுகு எங்கே வளைகிறது என்றும் பார்க்க முடியவில்லை என்று, முழு வகுப்பையும் முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து தன் குரலில் போனில் பதிவு செய்துவிடுவார். அது ஓட, இவர் ஒவ்வொருவராகப் போய்த் திருத்துவார். அவர்களுக்கு உடம்பு பழகியதும் பழையதை அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கடினமாகப் புதியதைப் பதிவு செய்வார். எதையும் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கல்லு மாதிரி இருந்த மனுஷர், வயிற்றுவலி என்று தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு வாரத்தில் அவருடைய பையையும் செருப்பையும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் பல் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து, "வகுப்பை நிறுத்திடாதீங்கக்கா. அந்தப் பதிவு இருக்குல்ல, அதைப் போட்டு நாங்களே செஞ்சுக்கறோம்" என்றார். போனை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் நானே தூக்கிக்கொண்டு போனேன். இப்படித்தான் நான் பயிற்சியாளர் ஆனேன்.

அந்தப் பதிவில் ஓர் இடம் இருக்கிறது. ஏணி முடிந்து, "மூச்சு விடுங்க, தண்ணி குடிங்க" என்கிறார். உடனே தூரத்தில், சமையலறையிலிருந்து, ஒரு பெண் குரல்: "கொஞ்சம் வாங்களேன்." நான்தான். "இரு, வரேன்" என்கிறார். நாற்காலி நகர்கிறது. கதவுச் சத்தம். பிறகு அறையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருகிறார். வரும்போது சிரித்துக்கொண்டே வருகிறார். பலமாக இல்லை, அடக்கமுடியாமல் மூக்கில் வருகிற சிரிப்பு. அது முடியும் முன்பே, "சரி, அடுத்தது" என்கிறார்.

எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஜாடி மூடி திறக்காமல் இருந்திருக்கலாம். மேல் தட்டில் எதையாவது எடுக்க வேண்டியிருந்திருக்கலாம். பல்லியாக இருந்திருந்தால் 'கொஞ்சம்' என்று சொல்லியிருக்க மாட்டேன், வீடே இடிந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். அதே மாதிரி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் தெளியவில்லை. மூடியும் பல்லியும் போகட்டும். அவரைச் சிரிக்க வைக்கிற மாதிரி நான் என்ன சொன்னேன்? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் பேச்சைக் கேட்டு அவர் எழுந்து போனதுதான் அதிகம். அப்படிப்பட்டவள் ஒரு நாள், ஏதோ ஒரு சாதாரண மத்தியானத்தில், சமையலறையில் நின்று எதையோ சொல்லி அந்த மனுஷரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதற்குச் சாட்சி கையில் இருக்கிறது. சொன்னது மட்டும் போய்விட்டது. தினமும் காலையில் அந்த இடம் வரும்போது ஸ்பீக்கர் பக்கம் குனிந்துகொள்வேன். இன்றைக்கு ஞாபகம் வந்துவிடும் என்று நினைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவார்.

கோடையில் புதிதாக ஓர் உயரமான பையன் சேர்ந்தான். கம்ப்யூட்டர் வேலை. வரிசையில் எல்லாருக்கும் மேலே அவன் தலை தெரியும் என்பதால் தையல்கடைக்காரர் அவனுக்கு ஒட்டகம் என்று பேர் வைத்துவிட்டார். அவனுக்கு விஷயம் தெரியாது. கோச் எங்கேயோ வெளியூரில் இருந்து பதிவு அனுப்புகிறார் என்று நினைத்திருக்கிறான். அந்த இடம் வந்ததும், பதிவோடு சேர்ந்து, "இரு, வரேன்" என்று அவனும் சொல்லுவான். அதே இழுப்பு, அதே அலுப்பு. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பழைய ஆட்கள் முதலில் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் வேலியில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஞாயிறு, காய்கறிப் பையோடு மைதானத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். உள்ளே ஆட்டம். யாரோ பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அடித்துவிட, பின்னால் ஓடிய ஒருவர், "இரு, வரேன்!" என்று பந்தைப் பார்த்துக் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன மனுஷர் முன்பின் தெரியாதவர்கள் வாயிலெல்லாம் புகுந்து பதில் சொல்லிக்கொண்டு திரிகிறார். கூப்பிட்டவள் இங்கே வெண்டைக்காயோடு நிற்கிறேன்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் பல் டாக்டரம்மா போகாமல் நின்றார். ரப்பர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது இப்ப யாருக்கும் பத்தல. வேர்க்கவே மாட்டேங்குது. மேனேஜர் வேற எங்கயோ சேரப் போறாராம். அந்தப் பையனும்தான்."

"பதிவை மாத்தணும்ங்கறீங்க."

"கோச் இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருப்பார்."

"இருந்திருந்தா" என்றேன். அந்தம்மா பட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி எண்ண வேண்டும், எதை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். "உங்க குரல்லயே பண்ணுங்கக்கா. வேற யார் சொன்னாலும் நாங்க கேக்க மாட்டோம்."

மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். பழையதை அழிக்கவில்லை. அவர் மாதிரி எனக்கு மனசு வராது. டாக்டரம்மா சொன்னபடி எண்ணினேன். முதல் தடவை மூச்சு வாங்கியது, உட்கார்ந்துகொண்டு எண்ணுவதற்கே. இரண்டாவது தடவை நன்றாகப் போனது. ஏணி முடிந்தது. "மூச்சு விடுங்க, தண்ணி குடிங்க" என்றேன். அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். மின்விசிறி சுற்றியது. திறந்த கதவு வழியாகச் சமையலறையின் ஒரு துண்டு தெரிந்தது. குழாய், கவிழ்த்து வைத்த ஒரே ஒரு டம்ளர். அவர் தினமும் பார்த்த துண்டு. அங்கிருந்துதான் நான் கூப்பிட்டிருக்கிறேன். அதே வார்த்தையைச் சொன்னால் அடுத்தது தானாக வாயில் வந்துவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். அந்தத் திசையைப் பார்த்து, "கொஞ்சம் வாங்களேன்" என்றேன்.

அடுத்தது வரவில்லை. யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சரி, அடுத்தது" என்று மிச்சத்தை எண்ணி முடித்தேன். பிறகு அந்தப் பேச்சில்லாமல் சுத்தமாக இன்னொன்று பதிவு செய்து வைத்தேன்.

மறுநாள் காலையில் என் பதிவுகள் இரண்டும் போனில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. சுத்தமானதைத்தான் அழுத்தினேன் என்று நினைத்தேன். தவறியா, வேண்டுமென்றா என்று யாராவது கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. என் குரல் வந்ததும் முதலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குதிக்க ஆரம்பித்தார்கள். மேனேஜருக்கு வேர்த்தது. ஒட்டகம் ஏணிக்குள் கால் தடுமாறி, "அக்கா, கொல்றீங்க" என்றான். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மூச்சு விடுங்க என்றேன், தண்ணி குடிங்க என்றேன், ஸ்பீக்கருக்குள்ளிருந்து. பாட்டில்களை எடுத்தார்கள்.

"கொஞ்சம் வாங்களேன்."

கையை நீட்டி நிறுத்தப் போனேன். அதற்குள், பாட்டிலைக்கூட வாயிலிருந்து முழுசாக எடுக்காமல், யோசிக்காமல், மைதானமே சேர்ந்து சொன்னது.

"இரு, வரேன்."

சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஒட்டகம் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறி வெட்டவெளியில் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி நகரவில்லை, கதவு சத்தம் போடவில்லை. அந்த இடம் இவ்வளவு நீளம் என்று பதிவு செய்தபோது எனக்குத் தெரியவில்லை. நிறுத்தப் போன கை அப்படியே நின்றது.

"சரி, அடுத்தது" என்றது என் குரல். பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். காற்றடி. கைகள் பின்னால் போய், சேர்ந்து வீசி, தோளுக்கு மேல் நின்றன. யாரும் சொல்லாமலேயே எல்லாத் தலைகளும் வலைக்கு அந்தப் பக்கம் திரும்பி, எதிர்மூலையில் ஒரே இடத்தைப் பார்த்தன. நானும் அங்கே பார்த்தேன்.