காப்புக் கட்டிய சைக்கிள்

ஐம்பத்தேழாம் வருடம் சித்திரை மாதத்தில் ஒரு சைக்கிள் அம்மனுக்கு விரதம் இருந்தது. கவிச்சி தொடவில்லை, எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை, ஊர் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் நெடுங்கரைப்பட்டிக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே எல்லோரும் என்னைப் போலவே உண்மை பேசுகிறவர்கள்.

வண்டி ஜெகபர் அலி ராவுத்தருடையது. விருதுநகரில் கொத்தமல்லி வியாபாரம் செய்தவர். சீமையிலிருந்து கப்பலேறி வந்த சைக்கிள் அது. தினமும் காலையில் துடைப்பார். துடைத்த துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வார். மழை பெய்தால் வண்டி நனையுமே என்று கடைக்கு நடந்தே போவார். வெயில் அடித்தாலும் நடந்துதான் போவார்.

அவருடைய தங்கை மகன் செய்யது அபுதாஹிர் என் கூட்டாளி. ராவுத்தரின் மகள் பைரோஜாவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். அவள் மாடியிலிருந்து எறிந்த கொய்யாக்காய் ஒன்றுகூட அவன் தலைக்குக் குறி தப்பியதில்லை. ராவுத்தர்தான் பிடி கொடுக்கவில்லை. நானும் அபுவும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏலே, நீ எடுத்துட்டுப் போன சைக்கிள்ல எது முழுசாத் திரும்பி வந்திருக்கு?" என்று ஒருநாள் கடையில் வைத்தே கேட்டார். "வண்டியப் பாத்துக்கத் தெரியாதவன் என் பிள்ளைய எப்படிலே பாத்துக்குவ?"

"நல்ல வண்டியாக் குடுத்துப் பாருங்க மாமு" என்றான் அபு.

கடையில் நாலு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ராவுத்தருக்குப் பின்வாங்க வழியில்லை.

"எடுத்துக்கலே என் வண்டிய. எம்புட்டு ஊரு சுத்தணுமோ சுத்து. ஆனா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னாடி, ஒரு கீறல் இல்லாம கடை வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அருப்புக்கோட்டை மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். எனக்கு வழக்கம்போல் வாடகை சைக்கிள். வற்றல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் மிளகாய் நெடி ஏறி நாங்கள் போட்ட தும்மலிலேயே இரண்டு வண்டியும் மிதிக்காமல் ரயில்வே கேட் வரை போய்விட்டன. அதன்பிறகுதான் மிதிக்க வேண்டியிருந்தது.

கரிசல் பூமி பார்வைக்குத்தான் சமம். சைக்கிளில் போனால்தான் அதன் மேடு பள்ளம் முழங்காலுக்குத் தெரியும். ஒரு மேட்டில் ஏறினால் பருத்திக்காடு, இறங்கினால் வறண்ட கம்மாய், மறுபடி ஏறினால் ஒரு கோயில் கோபுரமும் நாலு பனையும். அபு அந்த வண்டியை மிதித்தான் என்று சொல்ல முடியாது. நிறைமாதக்காரியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போகிறவன் மாதிரி ஓட்டினான். பள்ளம் வந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டான். கல் கிடந்தால் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

இப்படிப் போனதால் பொழுது சாயும் நேரத்தில் நெடுங்கரைப்பட்டிதான் வந்தது. காளியம்மன் கோயில் முன்னால் கொட்டுச் சத்தம். சித்திரைப் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டி, காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூக்குழி இறங்கித் தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் வரிசையாகக் கையை நீட்டி நின்றார்கள். பூசாரி சங்கிலிமுத்து அருள் வந்து, கண்ணை மூடியபடி, மஞ்சள் கயிற்றை ஒவ்வொரு கையாகக் கட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் நெருக்கியதில் அபு சைக்கிளோடு வரிசைக்குள் தள்ளப்பட்டான். பூசாரியின் கைக்கு ஹேண்டில்பார் அகப்பட்டது. மூன்று முடிச்சுப் போட்டு, வேப்பிலை செருகி, விபூதியும் பூசிவிட்டு, அடுத்த கைக்குப் போய்விட்டார்.

அபு கயிற்றை அவிழ்க்கப் போனான். ஊரே 'ஆ' என்று கத்தியது.

"தொட்டுறாதீக!" என்று முன்னால் வந்தார் ஊர்ப் பெரியவர் சின்னச்சாமி. "கட்டுன காப்பு பூக்குழி இறங்குன பெறகுதான் அவிழணும்."

"இது சைக்கிளுங்க."

"எங்களுக்கும் கண்ணு இருக்கு. ஆத்தா யாரக் கூப்பிடணும்னு நெனச்சாளோ அவுகளக் கூப்பிட்டுட்டா."

பூக்குழி அடுத்த செவ்வாய்க்கிழமை. வண்டி வெள்ளிக்கிழமைக்குள் கடை வாசலில் நிற்க வேண்டும். அபுவின் முகத்தில் பைரோஜா அருப்புக்கோட்டைக்குக் கூண்டு வண்டி ஏறிக்கொண்டிருந்தாள்.

விரதம் என்றால் என்னென்ன என்று ஊர் கூடிப் பேசியது. காப்புக் கட்டியவர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடைவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். தினமும் குளிக்க வேண்டும். எண்ணெய் ஆகாது. செருப்பும் ஆகாது என்றபோது, டயர் செருப்பா காலா என்று வெகுநேரம் வழக்கு நடந்தது. "செருப்புன்னா வாசல்ல கழட்டுவோம். டயரக் கழட்டுனா அவரு எப்படி நடப்பாரு?" என்று முருகம்மாள் என்ற கிழவி கேட்டதும் டயர் கால்தான் என்று முடிவாயிற்று.

அம்மனின் ஆள் ஓடிவிடாமல் இருக்கக் கோட்டைச்சாமி என்பவரைக் காவலுக்குப் போட்டார்கள். சைக்கிள் மேல் காப்பில்லாதவர் ஏறினால் தீட்டாகுமோ என்று அவர் என் கேரியரில் உட்கார்ந்தார். ஆள் இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை கனம். ஓட்டுகிறவனுக்குத் தீட்டு இல்லையா என்று கேட்டேன். "அவரு பொறுப்பாளி" என்றார்.

ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் எதற்காகச் சும்மா இருக்க வேண்டும்? தினமும் ஒரு திசையாகப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். திருத்தங்கலில் மலைக்கோயில் பார்த்தோம். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைப் புழுதி பூசிக்கொண்டு வந்தோம். சிவகாசியில் ஒரு வெடி ஆபீஸ் வாட்ச்மேன் சாலையிலேயே மறித்தார். "தீ மிதிக்க நேந்துக்கிட்ட வண்டி இந்தப் பக்கம் வரப்படாது, அங்கிட்டுச் சுத்திப் போங்க" என்றார். ஞாயமாகத்தான் பட்டது. எண்ணெய் காணாத சங்கிலி மட்டும் நாளுக்கு நாள் அழ ஆரம்பித்தது. புதன்கிழமை அது எழுப்பிய ஒப்பாரியைக் கேட்டு ஒரு ஊரில் பெண்கள் எந்த வீட்டில் துக்கம் என்று வெளியே வந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விருதுநகருக்கு மிதித்தோம். ஜும்மாவுக்கு முன்னால் வண்டி கடை வாசலில் நின்றது. மஞ்சளும் வேப்பிலையுமாக நின்றது. ராவுத்தர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கீறல் இல்லை.

"சரிலே, ஜெயிச்சுட்ட. சாவியக் குடு."

கோட்டைச்சாமி என் கேரியரை விட்டு இறங்கினார். "பொழுது அடையறதுக்குள்ள ஊருக்குப் போகணும் ராவுத்தரே."

"நீரு போறதுக்கென்ன? போம்."

"நானில்ல. இவரு." சைக்கிளைக் கும்பிட்டுக் காட்டினார். "காப்புக் கட்டியிருக்காருல்ல?"

விஷயத்தைச் சொன்னோம். ராவுத்தர் மூன்று தடவை உட்கார்ந்து நான்கு தடவை எழுந்தார்.

"என் வண்டியத் தீயில இறக்கப் போறீகளா?"

"நாங்க யாரு இறக்க? ஆத்தா கட்டளை அப்படி."

"ஏலே அபு, வண்டி கைக்கு வராம உனக்குப் பொண்ணு கிடையாது, கேட்டுக்க!"

அவிழ்த்துவிடலாம்தான். ஆனால் கடை வாசலில் தங்கள் காட்டு மல்லி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த சம்சாரிகள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு ராவுத்தரின் கையையே பார்த்தார்கள். பாதிப் பேர் நெடுங்கரைப்பட்டிச் சுற்றுவட்டாரம். கயிற்றை அவிழ்த்தால் அடுத்த சீசனில் அவருக்கு ஒரு படி மல்லி விழாது. தொழுதுவிட்டு வந்தார். வண்டியை விட்டுப் பிரிய மனமில்லாமல் அபுவை கேரியரில் ஏற்றிக்கொண்டு தானே நெடுங்கரைப்பட்டிக்கு மிதித்தார். அவர் அதை மிதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரில் அவருக்கு ஏக மரியாதை. காப்புக் கட்டியவரின் தகப்பனார் என்று பெயரானது. மோரும் பதனீரும் வந்துகொண்டே இருந்தன. தினமும் வண்டியைக் குளிப்பாட்டியதும் அவர்தான். வேறு யார் துடைத்தாலும் மனசு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை பூக்குழி தயாரானது. மனிதர்கள் எல்லோரும் இறங்கி ஏறிவிட்டார்கள். வண்டி மட்டும் பாக்கி. ஓட்டுகிறவர் கால் குழிக்குள் பட்டால் அவரும் விரதம் இருந்திருக்க வேண்டும், அதனால் ஒரே மூச்சில் மிதித்துக் கடக்க வேண்டும் என்று பூசாரி விளக்கினார்.

"யாரு ஓட்டுறது?" என்று கேட்டார் ராவுத்தர்.

"வண்டி யாரோடதோ அவுகதான்" என்றார் சின்னச்சாமி. "அடுத்தவன் ஓட்டுனா ஆத்தா ஏத்துக்கிட மாட்டா."

ராவுத்தர் குழியில் கனன்ற கங்குகளைப் பார்த்தார். தன் கைலியைப் பார்த்தார். துருப்பிடித்த சங்கிலியைப் பார்த்தார். அபு தூரத்துப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி என்னோடதுன்னு யாரு சொன்னா?" என்றார் ராவுத்தர்.

"நீங்கதான் மாமு."

"அது நேத்து வரைக்கும்லே. இது மருமகனோட சைக்கிளு. சீராக் குடுத்தாச்சு."

"எந்த மருமகன் மாமு? அருப்புக்கோட்டைக்காரரா?"

"ஏலே, கங்கு ஆறுது!"

"பேரச் சொல்லுங்க. ஆத்தாவுக்குக் கேக்கணும்ல?"

"செய்யது அபுதாஹிரு! போதுமாலே? பைரோஜா புருசன் செய்யது அபுதாஹிரு!"

ஊர் குலவை போட்டது. அபு இருபதடி பின்னால் போய், ஏறி மிதித்தான். சங்கிலி கத்திய கத்தலில் கொட்டுச் சத்தம் அமுங்கியது. டயர் கருகியதா என்று கேட்காதவர்கள் இல்லை. கருகவில்லை. ட்யூபுக்குள் இருந்த காற்று சூட்டில் உப்பி, வண்டி முக்கால் வாசித் தூரத்தைக் கங்குக்கு ஒரு சாண் மேலேயே கடந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ராவுத்தர் அதை எல்லாம் கவனிக்கவில்லை. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழி ஓரமாகக் கூடவே ஓடினார்.

"ஏலே மருமகனே, மட்கார்டு! மட்கார்டப் பாத்துலே!"