பத்து மணிச் சந்திரிகை

பட்டுப்புழு தன் சிறு வாழ்நாளில் நான்கு முறை உறங்கும். நான்காம் உறக்கம் கலைந்து எழுந்தால் ஏழெட்டு நாள் அடங்காப் பசி. அதன்பின் மேனி பழுத்து, பளிங்கென ஒளிர்ந்து, தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும். கடத்தூருக்கு அருகே மல்பெரித் தோட்டம் வைத்திருந்த குப்புராஜுக்கு இந்த ஒழுங்கை மகள் கலைமதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தனியின்பம் உண்டு.

“நாலு தூக்கத்துல அது வூடு கட்டிடுது. நீ எத்தனையாவது தூக்கத்துல இருக்கற கண்ணு?”

“அஞ்சாவதுப்பா. எழுப்பாதீங்க” என்றது போர்வை.

“எழுப்பலியே. தழை போடட்டுமா, இட்லி வெக்கட்டுமான்னுதான் கேக்கறேன்.”

பெங்களூரில் அவள் வேலை பார்த்த நிறுவனம் ஒரு காலையில் ஒரே மின்னஞ்சலில் முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எட்டு மாதங்களாயின. இருபத்தாறு வயதில் மீண்டும் பெற்றோர் நிழலில் வாழ்வது அவளுக்கு முள்ளாய் உறுத்தியது. நாளும் மும்முறை புழுக்களுக்குத் தழையிட்டு அதை மறக்கப் பார்த்தாள். விண்ணப்பத்திலோ அந்த எட்டு மாதத்துக்கு நேரே ‘தனித்தொழில் ஆலோசகர்’ என்று எழுதியிருந்தாள். நாற்பது இடங்களுக்கு அனுப்பியதில் ஒன்றே ஒன்று நேர்காணல்வரை வந்தது. இதுவும் நழுவினால் இனி எவரிடம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குக் காணொளியில் நேர்காணல். பின்னாலிருந்த நெல்மூட்டைகள் திரையில் தெரியாதபடி தாய் நிர்மலாதேவி தன் பட்டுச்சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். முருகன் திருமுன் விளக்கேற்றி, கண்மூடித் தொழுதாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

“பதினொண்ணு வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுங்க.”

“கொட்டாவி வந்தா?”

“கொல்லப் பக்கம் போயி விடுங்க!”

நேர்காணல் கண்டவர் முனிராஜ் என்னும் மேலாளர். அரைமணி நேரம் அனைத்தும் செவ்வனே நடந்தன. பின்பு அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “மூன்லைட்டிங் ஏதாவது உண்டா?” ஓரிடத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே மற்றோரிடத்தில் மறைவாக உழைப்பதற்கு நிறுவன உலகத்தார் நிலவொளியின் பேரால் இட்ட பெயர் அது.

“அப்படி எதுவும் இல்லை, சார்.”

சொல் முடியுமுன் கொல்லையிலிருந்து குப்புராஜின் குரல் சுவரைத் துளைத்து வந்தது.

“மதி! சந்திரிகைய எடுத்துக்கினு ஓடியா! புழு பழுத்துப் போச்சு!”

நாளை பழுக்க வேண்டிய புழுக்கள் வெயிலின் கொடுமையால் இன்றே பழுத்துவிட்டன. பழுத்ததை அப்போதே பொறுக்கி, சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விட்டாக வேண்டும். தவறினால் தழைக்குள்ளேயே நூலைக் கக்கி வீணாகும்.

முனிராஜ் சட்டென்று தமிழுக்கு வந்தார். “ஏம்மா, மூன்லைட்டிங் இல்லேன்னீங்க. சந்திரிகைன்னு சத்தம் கேக்குதே? ரெண்டும் நிலாவெளிச்சந்தானே?”

‘பக்கத்து வீடு’ என்று சொல்ல வாயெடுத்த கலைமதி, ஏனோ அதை விழுங்கினாள்.

“எங்க வூடுதாங்க சார். ஆலோசகர்னு போட்டது பொய். எட்டு மாசமா அப்பா அம்மாகூட புழுவுக்குத் தழை போட்டுக்கினு இருக்கேன்.”

“புழு உங்ககிட்ட ஆலோசனை ஏதும் கேக்கலியா?”

“தழைதாங்க கேட்டுச்சு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் ஓசூர்ப் பக்கம். எங்கம்மாவும் புழு வளத்தவங்கதான். மொதல்ல போயி அதப் பொறுக்குங்க. கம்பெனி நாலு மணி வரைக்கும் பழுக்காது.”

அன்று பகல் முழுதும் மூவரும் குனிந்து பொறுக்கினர். “என்னாலதான் கெட்டுச்சா கண்ணு?” என்று தந்தை நான்கு முறை கேட்டார். கேலி ஒட்டாத குரலை அவரிடம் அவள் கேட்டது அன்றுதான்.

“கெட்டிருந்தா தினம் மூணு வேளையும் இட்லி வெக்கணும். பரவால்லியா?” என்றாள்.

நான்கு மணிக்கு நேர்காணல் தொடர்ந்தது; வினாக்கள் கடுமையாகவே வந்தன. இரண்டில் இடறினாள், எஞ்சியவற்றில் நின்றாள். வெள்ளிக்கிழமை பணியாணை வந்தது. பழைய ஊதியத்தைவிடக் குறைவுதான். ஆயினும் வேலை வேலைதான். உடன் வந்த படிவம் ஒன்று, ‘வேறு தொழில் உண்டெனில் தெரிவிக்கவும்’ என்றது.

“புழுவுக்குச் சமையக்காரின்னு எழுது” என்றார் குப்புராஜ்.

அவள் ‘பட்டுப்புழு வளர்ப்பு, பெற்றோர் துணையுடன்’ என்று எழுதினாள். எட்டிப் பார்த்த நிர்மலாதேவி, “துணை நாங்களா, நீயா? நீ அஞ்சாவது தூக்கம் தூங்கறப்ப தழை வெட்டனது யாரு? அத அடிச்சுட்டு ஒழுங்கா எழுதுடி” என்றாள்.