கம்பி மாதிரி ஒரு கொடி

“கோடெல்லாம் கம்பி மாதிரி இருக்கு மேம். செடி மாதிரியே இல்ல.”

சுபத்ரா போனில் சொன்னது காலையிலிருந்து ஹெப்சியின் காதிலேயே நின்றது. சுபத்ரா ஒரு சிறுவர் பதிப்பகத்தில் வடிவமைப்பாளர். தாம்பரத்திலிருந்து கோவளம் வரை சாலையோரத்தில் முளைக்கும் செடிகளைப் பற்றி அவர்கள் போடும் புத்தகத்துக்கு ஹெப்சிதான் படம் வரைய வேண்டும். அட்டையில் பெயர் வரும். இன்று மாலைக்குள் ஒரு படமாவது தேறாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

ஹெப்சி தாவரவியல் ஆசிரியை. கூர்சீவிய பென்சில், முழுக்க ஒரே கனத்தில் கோடு, பிசகினால் ரப்பர்: ரெக்கார்டு நோட்டில் அப்படி வரைந்துதான் கல்லூரியில் பெயர் வாங்கினாள். மாணவிகளையும் அப்படியே பழக்கினாள். இப்போது அந்தக் கை வேறு எதற்கும் மசியவில்லை.

கோவிலம்பாக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பறித்த கோவைக்கொடி, டம்ளர் தண்ணீரில் தலை தொங்கிக் கிடந்தது. பென்சிலில் வரைந்து, அதன்மேல் கறுப்புப் பேனாவை ஓட்டினாள். பென்சில் கோட்டை விட்டு விலகிவிடுவோமோ என்று பேனா ஊர்ந்தது. துண்டு துண்டாகச் சேர்ந்த கோட்டில் தண்டு மயிர் முளைத்தது போலிருந்தது. தாளைக் கசக்கினாள்.

‘மணிக்கட்ட ஆட்டாதீங்க, தோள்லேர்ந்து இழுங்க. கணுகிட்ட, நிழல் பக்கம் அழுத்தம். நுனில விட்டுடுங்க.’ இதுவும் சுபத்ரா சொன்னதுதான். தோளிலிருந்து இழுத்தாள். கோடு இலையைத் தாண்டி மேசைவிரிப்பில் போய் நின்றது.

“சர்ச்சுக்குப் போட்ட புடவையக்கூட மாத்தல. சாப்பிட்டுட்டுக் கசக்கேன்,” என்றார் கணவர் ஜெபசீலன்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

“நான் கொடியச் சொன்னேன். அதுவே பசில வாடிப்போச்சு.”

எரிச்சலில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நாளை கொடுக்க வேண்டிய விடைத்தாள் கட்டை இழுத்தாள். சிவப்புப் பேனாவால் சரி, சரி என்று டிக் போட்டுக்கொண்டே போனவள், ஒரு பக்கத்தில் நின்றாள். அழுத்தமாக இறங்கி, மடங்கி, மேலே போகப்போக மெலிந்து காற்றில் முடிந்திருந்தது டிக். எதையும் பார்த்துப் போட்டதல்ல. பயந்து போட்டதுமல்ல.

பென்சிலைத் தொடாமல், வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனாவாலேயே தண்டை இறக்கினாள். கணுவில் அழுத்தி, கொடி பற்றிப் படரும் சுருளைச் சுழற்றி விட்டாள். இலை ஒன்று கோணலாகத்தான் வந்தது. ரப்பர் உதவாது. அப்படியே படமெடுத்து அனுப்பினாள்.

சுபத்ரா உடனே கூப்பிட்டாள். “மேம், நீங்கதான் போட்டீங்களா?”

“வேற யாரு? இலை கோணலா இருக்கு.”

“இருக்கட்டும். கொடி உசுரோட இருக்கு. கலரை நாங்க கறுப்பா மாத்திக்கிறோம். மத்ததும் இதே மாதிரி வேணும்.”

வேலை கைவிட்டுப் போகவில்லை. ஹெப்சி உற்சாகமாகக் கறுப்புப் பேனாவை எடுத்து எருக்கஞ்செடியைத் தொடங்கினாள். முதல் கணுவிலேயே பேனா ஊர்ந்தது. மறுபடியும் கம்பி. பேனாவை மேசை டிராயருக்குள் எறிந்து அறைந்து மூடினாள்.

“என்னங்க, கடைக்குப் போறப்ப சிவப்புப் பேனா வாங்கிட்டு வாங்க. ஒரு பாக்கெட்டா.”

“புத்தகத்துக்கும் மார்க் போடப் போறியா?”

“போய்ட்டு வாங்க முதல்ல!”