இன்னொரு முக்கோணம்

மலையில் காணாமல் போன என் தம்பி செழியனின் போன், கடைசியாக அடி அண்ணாமலை டவரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. அவன் கத்திய சத்தம் வந்த திசையை வனக்காவலர் மூர்த்தி தன் செக்போஸ்டிலிருந்து காட்டினார். செக்போஸ்டுக்கும் டவருக்கும் இரண்டு கிலோமீட்டர். எனக்கு அது போதும். நான் ப்ளஸ் ஒன் கணக்கு டீச்சர். சைன் சூத்திரம் போட்டு, மேப்பில் தூரத்துச் சரிவில் ஒரு புள்ளி வைத்தேன்.

"டீச்சர், சத்தம் கிட்டத்துல கேட்டா மாதிரி இருந்துச்சுங்க," என்றார் மூர்த்தி.

"கணக்கு பொய் சொல்லாதுங்க. வண்டிய எடுங்க."

ஜீப்பில் சுற்றிப் போய், பொழுது சாயும் வரை அங்கேயே தேடினோம். மறுநாள் காலை, அதே திசையில், செக்போஸ்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் மூர்த்தி அவனைக் கண்டுபிடித்தார். உயிர் இல்லை, உடம்பில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.

அந்தத் திசையில், டவரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், இரண்டு இடங்கள் உண்டு. கால்குலேட்டர் ஒன்றைத்தான் சொல்லும். மற்றதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டதற்காகப் போன வாரம் ஒன்பது பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்து, சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: "இன்னொரு முக்கோணம் எங்கே?"