இடப்பக்கத்துப் பேச்சு

என் அக்கா மகளுக்கு இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. வலது காது நன்றாகக் கேட்கும், தேவைக்கு மேலேயே கேட்கும். ஆனால் ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். மாடியிலிருந்து கூப்பிட்டபோது ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் அவள் கழுத்தைச் சுற்றிச் சுற்றித் தேடுவதைப் பார்த்து அவள் அப்பா 'ஆந்தை' என்று பேர் வைத்தார். அக்காவுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆந்தைக்கு ரொம்பப் பிடிக்கும்.

"எல்லாச் சத்தமும் எனக்கு உள்ளேயிருந்துதான் வருது சித்தி," என்பாள். "மழை, பஸ்ஸு, அம்மா, எல்லாரும் என் தலைக்குள்ள குடியிருக்கீங்க. ஒருத்தரும் கூட்டிப் பெருக்கறதில்ல."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆந்தையிடம் பேச வேண்டுமென்றால் அவள் வலப்பக்கம் போவோம். யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டுமென்றால் இடப்பக்கம் போவோம். அவள் அப்பா வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு வந்த வாரம், அவர் தினமும் அவள் இடப்பக்கம் உட்கார்ந்து டிவி பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஒருவன் என்னைக் கட்டிக்கொள்ள மாட்டான் என்று உறுதியானபோது, ஆந்தை குனிந்து படம் வரைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, அந்தக் காதில் அவன் பேரை முழுசாகச் சொன்னேன். அந்தக் காது எங்களுக்கு ஒரு கிணறு. கல்லைப் போடலாம், விழுந்த சத்தம் மேலே வராது.

அக்காதான் அதிகம் போட்டாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இயந்திரங்கள் நாளெல்லாம் உருண்டுகொண்டே இருக்கும், அதற்கு மேலே கத்தினால்தான் பேச்சு. அதனால் வீட்டிலும் அவளுக்குக் குரல் கீழே இறங்காது. உப்பு கேட்டால்கூட ஊரைக் கூட்டுகிற மாதிரி இருக்கும். அவள் மெல்லப் பேசி நான் பார்த்தது ஆந்தையின் இடப்பக்கத்தில் மட்டும்தான்.

ஆந்தை பள்ளி முடித்தாள். பாறைகளைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றாள்.

"ஏன்டி, உலகத்துல வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

"பாறை யாரையும் பின்னாலேருந்து கூப்பிடாது சித்தி."

அந்தப் படிப்பு இரண்டு கல்லூரிகளில் இருந்தது. ஒன்று வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இன்னொன்று ரயிலில் பாதிநாள், விடுதியில் தங்க வேண்டும். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. எது என்று முடிவு செய்யத்தான் ஆளில்லை.

"நீ கூட்டிட்டுப் போடி," என்றாள் அக்கா என்னிடம். "நான் கேட்டா 'உன் இஷ்டம்'ங்கிறா. அதுக்கு மேல எனக்குக் கேட்கத் தெரியல."

என்னிடம் விட்டதற்குக் காரணம் உண்டு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, கண்முன் ஒரு வில்லையை மாட்டி, எடுத்து, இன்னொன்றை மாட்டி, "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்பதுதான் என் வேலை. எழுத்து தெரிகிறதா என்பதைவிட, கேட்கிற எனக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று யோசித்துப் பதில் சொல்கிறவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் ஒரே வில்லையை இரண்டு தடவை மாட்டிக் கேட்பேன். "ரெண்டாவதுதான் நல்லாயிருக்கு" என்று அவசரமாகச் சொல்கிறவர், கண்ணால் பார்க்கவில்லை, பயத்தால் பார்க்கிறார்.

ஆந்தைக்கு அவளுடைய சொந்தப் பரிசோதனை ஒன்று இருந்தது. புது இடத்துக்குப் போனால் நல்ல காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சும்மா நிற்பாள்.

"என்னடி பண்றே?"

"சத்தத்தை அணைச்சுட்டுப் பார்க்கறேன். சத்தம் இருந்தா எல்லா இடமும் நல்லவிதமாத்தான் பேசும்."

முதலில் பக்கத்துக் கல்லூரி. பழைய மஞ்சள் கட்டடம். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான். கண்ணாடி அலமாரிகளில் கற்கள் பஞ்சின்மேல் படுத்திருந்தன. பேராசிரியை எங்களை வாசல்வரை வந்து அழைத்துப்போனார். அக்கா ஏற்கெனவே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முன்வரிசையில் இடதுகோடி நாற்காலி ஆந்தைக்கு என்று முடிவாகிவிட்டிருந்தது. மாணவர்களிடமும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து, வாயை அகலமாகத் திறந்து, மெதுவாக, "வ-ண-க்-க-ம்" என்றார்கள்.

ஆந்தை காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படி இருந்தது?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"மீன்தொட்டி மாதிரி. எல்லாரும் வாயைத் திறந்து மூடறாங்க. நான் வெளியே நின்னு பார்க்கறேனா, நான்தான் உள்ள இருக்கேனான்னு தெரியல." சற்று நடந்துவிட்டு, "ரொம்ப நல்லவங்க சித்தி," என்றாள் சோகமாக.

தூரத்துக் கல்லூரிக்கு அக்காவும் வந்தாள். ரயிலில் ஆந்தை ஜன்னலோரம், வலப்பக்கம் அக்கா, எதிரே நான். வெளியே வயல்களும் கிடங்குகளும் தண்ணீரில் கரைகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அக்கா உரக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பெட்டி முழுவதற்கும் எங்கள் குடும்ப விவகாரம் தெரிந்துபோயிற்று.

அந்தக் கல்லூரியில் எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு குன்றின்மேல் சாம்பல் நிறக் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே காற்று, அதற்கு வேறு வேலையே இல்லாத மாதிரி, சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆந்தை பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் முகம் மெல்ல மலர்வதைப் பார்த்தேன். அவள் கண் போன பக்கமெல்லாம் நானும் பார்த்தேன். இருவர் கைகளை வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி புத்தகத்தின்மேல் கன்னம் வைத்துத் தூங்கினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் முழுவதும் ஆடியது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

அப்போது தட்டோடு வந்த ஒரு பெண் பின்னாலிருந்து, "ஏய், பையை எடு!" என்றாள். ஆந்தை காதிலிருந்து கையை எடுத்தாள். தட்டோடு வந்தவள் மறுபடி கத்தினாள். ஆந்தை சுவர்ப்பக்கம் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

இரண்டு மேசைகள் சிரித்தன. தட்டுக்காரியும் சிரித்தாள். "கடிகாரத்துக்கு உட்கார இடம் வேண்டாம், எனக்குத்தான் வேணும்," என்றாள். ஆந்தையும் சிரித்தபடி பையை மடியில் எடுத்துக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

வகுப்பறைகளுக்குப் போகிற நீண்ட படிக்கட்டில் நான் அவர்களுக்குப் பின்னால் ஏறினேன். அக்கா வேகத்தைக் குறைத்து, மகளுக்கு இடப்பக்கமாக மாறினாள். குனிந்தாள். படிக்கட்டுக் கூடத்தில் எதிரொலி இருந்ததால் எனக்குக் கேட்டது.

"போகாதேடி. இங்க வராதே."

ஆந்தை நின்றுவிட்டாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வந்து சொல்லு."

"ஒண்ணும் சொல்லலியே."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு மூச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் படிகளைப் பார்த்தேன்.

"எனக்குக் கேட்காதுதான்," என்றாள் ஆந்தை. "ஆனா கழுத்துல காத்துப் படும்ல? எது யாரோட மூச்சுன்னு தெரியும். அப்பாவோடது விட்டுவிட்டு வரும். உன்னோடது சூடா இருக்கும். சித்தி ஒரே ஒருதடவைதான் வந்தா." என் பக்கம் திரும்பினாள். "பேரு கேட்கல. ஆனா நீளமான பேரு."

எனக்கு முகம் முழுவதும் எரிந்தது. படிக்கட்டோடு கரைந்துவிடலாமா என்றிருந்தது.

"எல்லாரும் நிஜத்தை அந்தப் பக்கத்துலதான் பேசறீங்க," என்றாள் அக்காவிடம். "வலப்பக்கம் வந்தா, சாப்பிட்டியா, தூங்கினியா. நான் எதை வச்சும்மா முடிவு பண்றது?"

இருட்டறையில் எனக்குப் பிடிக்கும் பதிலைத் தேடுகிறவர்கள் ஞாபகம் வந்தார்கள். 'உன் இஷ்டம்' என்று ஆந்தை சொன்னதெல்லாம் அதுதான். அம்மா இருட்டில் வைத்திருந்த எழுத்தை அவள் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சேலை முனையைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு இரண்டு படி இறங்கி, சுற்றிவந்து, வலப்பக்கம் நின்றாள்.

"இங்க வராதேடி. எனக்குப் பயமா இருக்கு."

ஆந்தை தலையசைத்தாள். "சரி. கேட்டுடுச்சு."

"அப்ப வரமாட்டியே?"

"கேட்டுடுச்சுன்னுதான் சொன்னேன். ஒத்துக்கிட்டேன்னா சொன்னேன்?"

படிக்கட்டின் உச்சியில் பெரிய வகுப்பறை திறந்து கிடந்தது. பெஞ்சுகள் அரைவட்டமாக மேலே மேலே ஏறிப்போயின. கூரைக்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் சாக்பீஸ் தூள் இறங்கியும் இறங்காமலும் மிதந்தது.

"அம்மா, நீ மேடைக்குப் போ. எங்க உட்கார்ந்தா கேட்குதுன்னு பார்க்கறேன்."

"நான் என்னத்தைப் பேசுவேன்?"

"எதையாவது. வேணும்னா என்னைத் திட்டு."

அக்கா மேடையேறினாள். ஆந்தை ஓர் இடத்தில் உட்கார்ந்தாள், எழுந்து இன்னோர் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில், "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். அக்கா முதலில் எண்களை எண்ணினாள். பிறகு நிறுத்தினாள்.

"நீ அஞ்சாவது படிக்கும்போது," என்றாள், சலவைக்கூடத்துக் குரலில், "ஒரு லாரி ஹாரன் அடிச்சது. நீ லாரியைப் பார்க்காம எதிர்ப்பக்கம் பார்த்துக்கிட்டு நின்னே. டிரைவர் எப்படியோ பிரேக் போட்டுட்டான். இறங்கி வந்து என்னைத் திட்டினான். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு ஒவ்வொரு போர்வை மடிக்கும்போதும் அந்த ஹாரன் கேட்குது."

ஆந்தை நடுவரிசையில் நின்றுவிட்டாள். அப்படியே உட்கார்ந்தாள்.

"பக்கத்துக் காலேஜ் உனக்கு நல்லதுன்னு சொன்னேன். உனக்கு நல்லதில்ல. எனக்கு நல்லது. சாயங்காலம் நீ கதவைத் தட்டினா எனக்கு மூச்சு வரும், அவ்வளவுதான்."

பக்கவாட்டுக் கதவு வழியாக மாணவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேர், ஐந்து பேர், பிறகு கும்பலாக. மேடையில் ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசுவதைப் பார்த்து, தாமதமாகிவிட்டதோ என்று பதறி உட்கார்ந்தார்கள். சிலர் எழுதவும் ஆரம்பித்தார்கள். அக்கா மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் போகாதுடி. அது என்னோட இருக்கட்டும். அதை உன் பெட்டியில வச்சு அனுப்பமாட்டேன்."

முன்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "மேடம், லாரிக்கு அப்புறம் விட்டுட்டேன். இது பாறை வகுப்புதானே?"

அக்கா அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"நான் டீச்சர் இல்லப்பா. அதோ நடுவுல இருக்காளே, அவளோட அம்மா. அவ இங்க சேரப்போறா. பின்னாலேருந்து கூப்பிட்டா வேற எங்கயாவது பார்ப்பா. திமிருன்னு நினைச்சுடாதீங்க."

அத்தனை தலைகளும் திரும்பின. ஆந்தை பெஞ்சுக்குக் கீழே பாதி இறங்கிவிட்டாள். "அம்மா! மானம் போகுது, கீழ இறங்கு!"

வாசலில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கற்கள் நிரம்பிய பெட்டியை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அக்கா இறங்கி வந்ததும் பணிவாகக் கேட்டார்.

"முடிச்சுட்டீங்களா?"

அக்கா யோசித்தாள். "இல்ல," என்றாள். "பரவாயில்ல, நீங்க ஆரம்பிங்க."

ஆந்தை எழுந்து வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.