கால் கழுவிய சனிக்கிழமை

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் அந்த அறிவிப்பு வந்ததும் ஸ்வர்ணலதா அதை இரண்டு தடவை படித்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் போகும் முன்பு பெற்றோருக்குப் பாத பூஜை செய்து ஆசி வாங்க வேண்டுமாம். சனிக்கிழமை காலை, பள்ளி மைதானத்தில். அப்பா வேட்டி சட்டை, அம்மா பட்டுப்புடவை. தாம்பாளம், சொம்பு, மஞ்சள், குங்குமம், உதிரிப்பூ, புதுத்துண்டு. இருவரும் தவறாமல் வந்து சிறப்பிக்கவும். கடைசியில் கைகூப்புகிற படம் மூன்று.

"தாம்பாளமும் சொம்பும் நம்ம கடையிலேர்ந்தே எல்லாருக்கும் கொடுத்துரலாம். ஹெச்.எம். மேடம்கிட்ட பேசிட்டேன்," என்றான் அவள் கணவன் முருகன். தி. நகரில் அவன் அப்பா அய்யாதுரை தொடங்கிய பாத்திரக்கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்து விஷயம் எதுவானாலும் முன்வரிசையில் நிற்பது அவனுக்குப் பிடிக்கும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்தது. தக்காளிச் சட்னி. எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இளஞ்சிவப்பாகத் தீற்றிக் கிடந்தது.

அன்றைக்குக் காலையில் மகள் ஹம்சினியின் கணக்கு மார்க்கை முருகன் போனில் பார்த்தான். பள்ளிக்கூடத்து ஆப்பில் எல்லாம் வந்துவிடுகிறது. அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு பறந்தது. சட்னி அவள் கழுத்திலும் சுவரிலும் தெறித்தது. "கடையில வந்து பாத்திரம் துடைக்கக்கூட நீ லாயக்கில்ல," என்று கத்தினான். அதோடு நிற்கவில்லை. "கால்ல விழு. விழுந்து மன்னிப்புக் கேளு. அப்பத்தான் புத்தி வரும்."

ஹம்சினி விழுந்தாள். பதினைந்து வயசுப் பெண், கழுத்தில் சட்னி வழிய, தரையில் மண்டியிட்டு அப்பாவின் காலைத் தொட்டாள். ஸ்வர்ணலதா கையில் தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். தட்டு பறந்ததைக்கூட அவள் மறந்திருப்பாள். மகள் குனிந்தபோது அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முருகன் காலை ஒரு அங்குலம் முன்னால் நீட்டிக் கொடுத்தான். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை அடையாறில் அந்தப் பள்ளி மைதானம் கல்யாண மண்டபம்போல இருந்தது. சாமியானா, வாடகை நாற்காலி, மூலையில் ஒருவன் கீபோர்டோடு. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தாம்பாளம். ஒன்றிலும் ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. 'அய்யாதுரை பாத்திர மாளிகை, தி. நகர்' என்று சிவப்பு எழுத்து வரிசை வரிசையாக மின்னியது. முருகன் பட்டுவேட்டியில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு அலைந்தான்.

பயிற்சியாளர் என்று ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். வெள்ளை ஜிப்பா, கன்னத்தோடு ஒட்டிய மைக். பிள்ளைகள் பெற்றோருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ண மூடுங்க செல்லங்களா," என்றார். கீபோர்டு மெல்ல அழ ஆரம்பித்தது. "நாளைக்குக் காலையில நீ எழுந்திருக்கற. அம்மா எழுந்திருக்கல. கூப்பிடற. அம்மா... அம்மா... பதிலே இல்ல. தொட்டுப் பாக்கற. சில்லுனு இருக்கு. நேத்து நீ அவங்ககிட்ட எப்படிப் பேசின? என்ன சொல்லித் திட்டின?"

முதலில் ஒரு பெண் விசும்பினாள். பிறகு அது சளி பிடிப்பதுபோல வரிசையில் பரவியது. பயல்கள்கூடத் தேம்பினார்கள். அவர் விடவில்லை. அம்மாவைச் சாகடித்து முடித்ததும் அப்பாவைச் சாகடிக்கத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வந்தது, வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள், கொள்ளிக்குடம்கூட உடைந்தது. டீச்சர்கள் டிஷ்யூ டப்பாவோடு நடந்தார்கள். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லா அழுறாங்க மிஸ்," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் திருப்தியாகச் சொன்னது ஸ்வர்ணலதாவின் காதில் விழுந்தது.

ஹம்சினிக்குப் பக்கத்தில் ஆஷா உட்கார்ந்திருந்தாள். ஊரூர் குப்பத்துப் பெண். அவள் அப்பா போன வருஷம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. எதிரே அவள் அம்மா ஒரு நாற்காலியில் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி, அதன்மேல் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். ஆஷா அழவில்லை. கண்ணைத் திறந்து அந்த ஜிப்பாக்காரரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டீச்சர் குனிந்து அவள் தோளில் தட்டி, "கண்ண மூடு ஆஷா. ஃபீல் பண்ணு," என்றாள்.

காலையில் குடித்த காபி ஸ்வர்ணலதாவின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

அப்புறம் கால்கள். சாமியானா முழுக்கக் கால்கள் தாம்பாளத்துக்குள் இறங்கின. வெடித்த குதிகால், மெட்டி, நெயில் பாலிஷ், சாக்ஸ் ரப்பர் பதிந்த தடம், இரண்டு வாரமாக வெட்டாத நகம். அழுது மூக்கு ஒழுகிய பிள்ளைகள் அதன்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார்கள். தண்ணீர் கலங்கி, மேலே ரோஜா இதழ் மிதந்தது. "இது தண்ணி இல்ல, தீர்த்தம். தலையில தெளிச்சுக்குங்க," என்றார் ஜிப்பாக்காரர். தெளித்துக்கொண்டார்கள்.

ஹம்சினி முதலில் அப்பாவுக்கு முன்னால் வந்து மண்டியிட்டாள். முருகன் காலை நீட்டிக் கொடுத்தான். அதே ஒரு அங்குலம். மகள் தண்ணீர் ஊற்றினாள், குங்குமம் வைத்தாள், பூப் போட்டாள், துண்டால் ஒற்றினாள். முருகன் அழுதான். குனிந்து அவள் தலைமேல் கை வைத்து ஏதோ முணுமுணுத்தான். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. பள்ளிக்கூடத்துப் போட்டோகிராஃபர் ஓடிவந்து படம் எடுத்தான். ஜிப்பாக்காரர் இன்னொரு மைக்கை நீட்டினார்.

"என் பொண்ணு எனக்கு மக இல்லீங்க, ஃப்ரெண்டு," என்றான் முருகன். குரல் உடைந்தது. "இன்னிவரைக்கும் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. மார்க்கு என்னங்க மார்க்கு, புள்ள சிரிச்சா போதும்."

கைதட்டினார்கள். அவன் கன்னத்தில் வழிந்தது நிஜக் கண்ணீர். பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியும். நடிப்பாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவன் அந்த நிமிஷம் தான் சொன்னதை முழுசாக நம்பினான். மகளின் கழுத்தில் சட்னி வழிந்த காலை அவனுக்குள் எங்கேயும் இல்லை. இந்த ஆளோடு ஒரே தட்டில் ஐஸ்கிரீம் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு நாக்கைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

ஹம்சினி மண்டியிட்டபடியே அம்மாவிடம் நகர்ந்து வந்தாள். சொம்பைத் தூக்கினாள். ஸ்வர்ணலதா இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். எழுந்திரு."

"ம்மா, காலை வைம்மா," என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கறாங்க."

"சொர்ணா," என்றான் முருகன் கண்ணைத் துடைத்தபடி, வாய் அசையாமல். "காலை வை."

வகுப்பு டீச்சர் வந்தாள். அதற்குள் ஜிப்பாக்காரரும் வந்துவிட்டார். "அம்மா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க," என்று சபைக்கு அறிவித்துவிட்டு மைக்கை அவள் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். "சொல்லுங்கம்மா. உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

"என் காலு சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் ஸ்வர்ணலதா. ஒலிபெருக்கியில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எம்பொண்ணு போய்க் கையைக் கழுவிட்டு வரட்டும்."

கீபோர்டுக்காரன் நிறுத்திவிட்டான். பின்வரிசையில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் மகளின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹம்சினி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு தானே கழுவினாள்.

காரில் திரும்பி வரும்போது நந்தனம் சிக்னலில் முருகன் வெடித்தான். "எத்தனை குடும்பம் உக்காந்திருந்துச்சு! அத்தனை பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே. பெத்தவங்க கால்ல புள்ள விழறது உனக்குக் கேவலமா? எங்க பழக்கவழக்கம் உனக்கு என்ன தெரியும்?"

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை விழுந்தாளே, அதுவும் பழக்கவழக்கமா?"

அவன் கடை வாசலில் இறங்கிக்கொண்டு, காரை நிறுத்தச் சொல்லிக் கடைப்பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது பெரும்பாடாக இருந்தது.

"ஏம்மா அப்படிப் பண்ண?" என்றாள் ஹம்சினி. "திங்கக்கிழமை நான் எந்த மூஞ்சியோட போறது? எல்லாரும் செஞ்சாங்கல்ல? ரெண்டு நிமிஷம் காலை வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்," என்று ஒத்துக்கொண்டாள் அம்மா.

கொஞ்ச தூரம் போனதும் மகள் நின்றாள். "அப்பா அழுதாருல்ல. அழுதுக்கிட்டே குனிஞ்சு என் காதுல என்ன சொன்னாரு தெரியுமா? 'கேமராவப் பாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத'ன்னாரு." அவள் உதடு கோணியது. "எனக்கு வாந்தி வர மாதிரி ஆயிருச்சும்மா. அதை அடக்கினதுலதான் கண்ணுல தண்ணியா வந்துச்சு. டீச்சர் நான் பாசத்துல அழறேன்னு நினைச்சு டிஷ்யூ கொடுத்தாங்க."

ஸ்வர்ணலதா அவள் தோளைத் தொடப் போனாள். மகள் விலகிக்கொண்டாள். "ஆனாலும் நீ மைக்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

சாயந்தரம் முருகன் கடையிலிருந்து கையில் ஒரு புதுத் தாம்பாளத்தோடு வந்தான். அவன் அக்கா சரோஜாதேவியும் கூட வந்தாள். நடந்ததையெல்லாம் போனிலேயே சொல்லி முடித்திருப்பான் போலிருக்கிறது. வந்ததும் வராததுமாக ஸ்வர்ணலதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடத்து விளக்குகளைப் போட்டாள். அய்யாதுரை சோபாவில் உட்கார்ந்து வேட்டியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு தயாராக இருந்தார்.

"ஏட்டி ஹம்சினி, இங்க வா," என்றார். "அங்கதான் உங்கம்மா பாதியில கெடுத்துப்புட்டா. இங்க முழுசா செஞ்சிரு. தாத்தாவுக்கும் செய், அப்பாவுக்கும் செய். பரிச்சைக்குப் போற புள்ள, ஆசி வாங்காம போவக் கூடாது."

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்கப்பா, மூஞ்சி இருட்டா விழுது," என்று சரோஜாதேவி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தாத்தாவின் காலில் பித்தவெடிப்பும் தைலத்தின் வாடையும். முருகன் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலையும் சேர்த்து வைத்தான். ஹம்சினி அம்மாவைப் பார்த்தாள்.

"இஷ்டம் இருந்தா செய்," என்றாள் ஸ்வர்ணலதா. "இல்லேன்னா வேணாம்."

"எனக்கு அருவருப்பா இருக்கு," என்றாள் மகள். சத்தமாக இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"என்னடி பேசற? தாத்தா காலு உனக்கு அருவருப்பா?" என்றாள் அத்தை.

"தாத்தா காலு இல்ல அத்தை. போன ஞாயித்துக்கிழமை அப்பா என் தட்டைத் தூக்கி வீசிட்டுக் கால்ல விழச் சொன்னாரு. நான் விழுந்தேன். இன்னிக்கு அதே கால்ல பூப் போடச் சொல்லி, என்னைத் திட்டினதே இல்லேன்னு மைக்ல சொன்னாரு. இப்ப மறுபடியும் போடச் சொல்றாரு. என்னால முடியாது."

முருகன் எழுந்தான். கையை ஓங்கினான். ஸ்வர்ணலதா குறுக்கே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் வழுக்கியது, அதைத் தொடவே அவளுக்குக் கூசியது. ஆனாலும் விடவில்லை.

"அடிச்சிருங்க," என்றாள். "உங்க அக்கா வீடியோ எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இதையும் பள்ளிக்கூடத்து குரூப்புல போட்டுரலாம்."

சரோஜாதேவி சட்டென்று போனைக் கீழே இறக்கினாள். அய்யாதுரை வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, மகனையும் பார்க்காமல் பேத்தியையும் பார்க்காமல், "அந்த டிவியப் போடுங்க, செய்தி பாப்போம்," என்றார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. சுவரில் அந்தக் கறைக்கு எதிரேதான் தினமும் அவர் சாப்பிடுகிறார். முருகன் கையை உருவிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் பார்த்தால் அவன் ஸ்டேட்டஸில் அந்தப் படம். மகள் காலடியில், அவன் கண்ணீரோடு, தாம்பாளத்தில் கடைப்பெயர். ஸ்வர்ணலதாவை வெட்டி எடுத்திருந்தான். நாற்காலியின் ஓரமும் புடவைக் கரையும் மட்டும் மிச்சம். ஹம்சினி அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். அவன் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாள் முழுக்க இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஸ்வர்ணலதா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அப்பா இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு அப்பா சாவதுபோல நினைக்கச் சொல்வது என்ன வகைப் படிப்பு என்று கேட்டாள். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "உங்களைத் தவிர எல்லா பேரன்ட்ஸும் நல்லாயிருந்துச்சுன்னுதான் சொல்லியிருக்காங்க மேடம். அடுத்த வருஷத்துக்கும் அவரையே புக் பண்ணிட்டோம்," என்றார். மேஜைமேல் சாக்லேட் டப்பா இருந்தது. ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

அன்று சாயந்தரம் முருகன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நின்றபடியே சொன்னாள். "இன்னொரு தடவை இந்த வீட்டுல தட்டு பறந்துச்சுன்னா நானும் அவளும் வடபழனிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம். மைக் வெச்சுச் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்." அவன் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்தான். அதற்கப்புறம் தட்டு பறக்கவில்லை. ஆனால் அவன் விரலிடுக்கில் சாம்பார் வழிவதைப் பார்த்தாலே அவளுக்குப் பசி போய்விடுகிறது. அவன் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் அவள் உட்காருகிறாள். ஹம்சினி தன் புத்தகம் தலையணையெல்லாம் எடுத்துக்கொண்டு அம்மா அறைக்கே வந்துவிட்டாள், முருகன் கூடத்தில் படுக்கிறான். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று முருகன் சீக்கிரமே கடைக்குப் போய்விட்டான். அம்மாவும் மகளும் ஆட்டோவில் போனார்கள். ஸ்வர்ணலதா என்னவோ தைரியம் சொல்ல வாயெடுத்தாள்.

"ம்மா, பேசாத," என்றாள் ஹம்சினி கண்ணை மூடிக்கொண்டு. "ஃபார்முலா மறந்துரும்."

ஸ்வர்ணலதா வாயை மூடிக்கொண்டு, மகளின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.