ஏறி இறங்கும் சீட்டு

"என்ன தேனு, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டுறே?"

"ரோடு தெரியலே."

"ஓட்டுறது நானு. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"எனக்கும் தெரிய வேணாமா?"

"அட, இதுதானா? சீட்டை உசத்திட்டாப் போச்சு! முன்னமே சொல்றதுக்கென்ன?"

காளையார்கோவிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், போன விடுமுறையில் நடந்த பேச்சு இது. தேனம்மைக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. ரோட்டில் ஆரம்பித்து, அடுத்த பேச்சாக, 'எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க' என்று கேட்பதாகத்தான் இருந்தாள். அதற்குள் புருஷன் அழகுசுந்தரம் சீட்டைப் பிடித்துக்கொண்டான். பினாங்கில் என்ஜினியர் வேலை பார்ப்பவன். எங்கே ஒரு குறை என்று காதில் விழுந்தாலும் அதைச் சரி செய்யக் கிளம்பிவிடுவான். குறை சொன்னவள் பேசி முடித்தாளா என்று பார்க்க மாட்டான்.

அந்தச் சிவப்புக் கார் இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். வால்பாறை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவன் ஊருக்கு வரும் இரண்டு மாதம் அது பறக்கும். மற்ற நாளெல்லாம் காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும்.

போன ஐப்பசியிலும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தது. கண்டரமாணிக்கத்தில் தேனம்மையின் தாயார் உமையாள் நெஞ்சு வலியில் கிடப்பதாக ஆள் வந்து சொன்னபோது நல்ல மழை. வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பினார்கள், வரவில்லை. துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் பஸ்ஸில் அனுப்ப மாமியாருக்கு மனமில்லை. இரண்டு பகல் தேனம்மை கொட்டகை வாசலில் நின்று அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வாடகைக் கார் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது தாயாருக்கு உயிர் இருந்தது. அது தெய்வத்தின் தயவு. அடுத்த தடவையும் தெய்வம் காத்திருக்குமா?

இந்த விடுமுறையில் எப்படியும் கேட்டுவிடுவது என்றிருந்தாள். ஆனால் மாமியார் எதிரே புருஷனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்பதைக்கூடச் சமையல்காரரைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். மனம்விட்டுப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கார். அந்தக் கார்தான் இப்போது நாற்பது நாளாகக் கழற்றிப் போட்டுக் கிடந்தது.

பினாங்கில் விபத்தில் நொறுங்கிய பெரிய அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து இரண்டு சீட்டுகளை வாங்கி, பெட்டி அடித்துக் கப்பலில் கொண்டுவந்திருந்தான் அழகுசுந்தரம். ஸ்விட்சைத் தொட்டால் மோட்டார் ஓடும். சீட்டு தானே ஏறும், இறங்கும், முன்னே போகும், பின்னே வரும். பெட்டியைப் பிரித்த அன்று மாமியார் நாச்சியார் ஆச்சி மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"நாக்காலியவாடா கடல் தாண்டிக் கொண்டாந்தே? முன்கட்டுப் பட்டாலையில பர்மாத் தேக்கு நாக்காலி முப்பது கெடக்கே, அதுல ரெண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"அதெல்லாம் எந்திரிச்சு உக்காருமா ஆத்தா?"

"நாக்காலி எதுக்குடா எந்திரிக்கணும்? நாமதான் எந்திரிக்கணும்!"

மெக்கானிக் கருத்தையா சிரிப்பை அடக்க முடியாமல் காருக்கு அடியில் புகுந்துகொண்டான்.

ஆச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது. புது சீட்டின் அகலத்துக்குக் கதவு சாத்தவில்லை, ஓரத்தை அறுத்தார்கள். உயரம் சேரவில்லை, தரையை வெட்டினார்கள். பேட்டரி தாங்கவில்லை, பின்னால் இன்னொன்று வைத்தார்கள். வெல்டிங்காரர் ஒரு கல்யாணத்துக்குச் சிங்கம்புணரி போனவர் ஐந்து நாள் கழித்து வந்தார். தேனம்மை காலண்டரில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் தன் உடம்பிலிருந்தே ஏதோ கிழிவது போலிருந்தது. இரவில் அறைக்குள் கேட்கலாம்தான். கேட்கவும் வாயெடுத்தாள். "நாளைக்கு ஸ்விட்ச்சை மாட்டிரலாம் தேனு," என்று சொல்லிக்கொண்டே கிரீஸ் வாடையோடு தூங்கிப்போனான். உனக்காகத்தான் இத்தனையும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை பாசத்தை யாரிடம் போய்க் குறை சொல்வது?

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேலை முடிகிற மாதிரி இருந்தது. ஆச்சி நாள் பார்த்து வைத்துவிட்டார். அன்று வியாழக்கிழமை, காலை எட்டே முக்காலுக்குள் சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். காரை வாசலுக்குத் தள்ளி வந்து, தெருவை அடைத்து நிறுத்தி, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

"ஆச்சி, பியூஸு இன்னும் மாட்டலை. எடது பக்கத்து சீட்டுக்கு வயரும் குடுக்கலை. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கங்க," என்றான் கருத்தையா.

"எட்டே முக்காலுக்கு மேல நேரம் சரியில்லைப்பா. ஒரு தடவை ஏத்தி எறக்கிட்டு, அப்புறம் எத வேணாலும் மாட்டிக்க."

"பியூஸு இல்லாம..."

"ஆத்தா சொன்னாச் சொன்னதுதான், விடு," என்று அழகுசுந்தரம் ஏறி உட்கார்ந்து ஸ்விட்சைத் தட்டினான்.

சீட்டு உறுமிக்கொண்டு எழுந்தது. ஆச்சி கும்பிட்டார். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தான், சீட்டு நிற்கவில்லை. மேலே போனது, முன்னேயும் போனது. ஆறடி மனிதனின் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் சிக்கிக்கொண்டன. தலை முட்டிக் கான்வாஸ் கூரை புடைத்தது.

"டேய் கருத்தையா! நிறுத்துடா!"

கருத்தையா பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான். கரிந்த நாற்றத்தோடு புகை வந்தது. ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு அழகுசுந்தரம் வெளியே வந்து விழுந்தான்.

"மோட்டாருக்குள்ள காயில் கரிஞ்சு போச்சு, மொதலாளி. மதுரைக்குக் குடுத்துச் சுத்தி வாங்கணும். பதினஞ்சு நாளாவது ஆகும்."

"பழைய சீட்டை மாட்டு."

"அதோட காலை அறுத்துத்தானே இதுக்கு வச்சுப் பத்த வச்சோம்?"

அழகுசுந்தரம் மறு செருப்பைக் கழற்றித் தெருவில் வீசினான். "நாப்பது நாளு! நாப்பது நாளும் மண்ணாப் போச்சு!"

"கத்தாதடா, தெரு பாக்குது," என்றார் ஆச்சி. அவர் குரலிலும் சுருதி இறங்கியிருந்தது. "மொதல்ல வண்டிய ஓரங்கட்டு. பால்காரன் மாட்டோட நிக்கிறான் பாரு."

"தள்ளிரலாம் ஆச்சி. ஆனா ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ள ஒரு ஆள் வேணும்," என்று கருத்தையா தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டான். "எனக்கும் எடம் பத்தாது, மொதலாளிக்கும் பத்தாது. குள்ளமா யாராச்சும்..."

தேனம்மை வாசல்படியிலிருந்து இறங்கினாள்.

"நீ எங்குட்டுப் போறே?" என்றார் ஆச்சி.

அவள் நிற்கவில்லை. கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கை ஸ்டியரிங்கில் சரியாகப் பொருந்தியது. கால் மூன்று பெடல்களையும் தொட்டது. கண்ணாடி வழியே தெரு முழுவதும், ஊருணிக் கரை வளைவு வரைக்கும் தெரிந்தது.

"தேனு, எறங்கு," என்றான் அழகுசுந்தரம் மெதுவாக. "அக்கம்பக்கத்துல ஒரு ஆளைக் கூப்பிடுறேன்."

மாமியார் இரண்டடி தூரத்தில் நின்றார். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. சமையல்காரரைத் தேடப்போன கண்களை இழுத்து, புருஷன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"ஆள் வேணாம். நீங்க கப்பலேறிப் போயிருவீக, இந்த வண்டி துணியைப் போத்திட்டுக் கெடக்கும். அங்குட்டு எங்க ஆத்தா மறுபடி விழுந்தா, நான் மறுபடி ரெண்டு நாள் வாசல்ல நிக்கணுமா? எனக்கு ஏறி எறங்குற சீட்டு வேணாம். இன்னும் ஒன்பது நாளு இருக்கு. எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுங்க."